ஸ்கிப்டன்: வரைபடத்தில் பக்கம், ரயிலில் சுற்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் சந்தை ஊர்களைப் பற்றித் தங்கள் பயண இணைப்பில் வந்த கட்டுரையில், யார்க்‌ஷயரில் இருக்கும் ஸ்கிப்டனுக்கு மான்செஸ்டரிலிருந்து ரயிலில் எளிதாகப் போய்வரலாம் என்று ஒரு வரி இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க மான்செஸ்டர் போயிருக்கும் பெற்றோர் அதை நம்பிக் கிளம்பினால், பகலில் பெரும்பகுதி ரயிலிலேயே போய்விடும். வரைபடத்தில் பக்கம்தான், நடுவில் தண்டவாளம்தான் இல்லை.

பிரஸ்டனிலிருந்து பர்ன்லி வழியாக வரும் பாதை, கடைசியில் ஒற்றைத் தடமாகச் சுருங்கி, லங்காஷயரின் கோல்ன் ஸ்டேஷனில் முட்டி நின்றுவிடுகிறது. அங்கிருந்து ஸ்கிப்டன் சுமார் 18 கிலோமீட்டர். 1970 பிப்ரவரியில் அந்தத் துண்டை மூடித் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். திரும்பப் போடச் சொல்லி 2001 முதல் அந்த வட்டாரத்தில் ஓர் இயக்கமே நடக்கிறது. அதனால் இன்றைக்கு மான்செஸ்டர்க்காரர் பென்னைன் மலையைத் தாண்டிக் கிழக்கே லீட்ஸ் போய், வேறு ரயில் பிடித்து, வடமேற்காகத் திரும்பி வரவேண்டும். பிராட்ஃபர்ட் வழியாகவும் வரலாம். ஆனால் மான்செஸ்டர் ரயில் வந்து சேர்வது இன்டர்சேஞ்ச் ஸ்டேஷனில். ஸ்கிப்டன் ரயில் புறப்படுவது ஃபார்ஸ்டர் ஸ்கொயரில். இரண்டுக்கும் இடையே ரயில் கிடையாது, பெட்டியை இழுத்துக்கொண்டு கால் மணி நடை. டிக்கெட்டில் "பிராட்ஃபர்ட்" என்று பார்த்துவிட்டு முதல் ஸ்டேஷனிலேயே காத்திருந்து ஏமாறுகிறவர்கள் உண்டு.

வேடிக்கை என்னவென்றால், மலையைத் தாண்ட இயற்கையே வழிவிட்ட இடம் இது. வடக்கே சுண்ணாம்புக்கல் மலைகள், தெற்கே கரடுமுரடான மணற்கல் மேடுகள். நடுவே அயர் ஆறு ஓடும் தாழ்வான இடைவெளிக்கு அயர் கேப் என்று பெயர். லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய் பென்னைனைக் கடக்கும் உச்ச மட்டம் 150 மீட்டர்கூட இல்லை. 204 கிலோமீட்டர் நீளமான அந்தக் கால்வாயில் முதலில் திறந்தது பிங்லி–ஸ்கிப்டன் பகுதி, 1773ல். சமமட்டமாகப் போவதால், படகை மட்டத்துக்கு மட்டம் ஏற்றி இறக்கும் மதகே அங்கே தேவைப்படவில்லை. பிங்லி ஐந்தடுக்கு மதகின் தலையிலிருந்து கார்கிரேவ் வரை 27 கிலோமீட்டர் ஒரே நீர்மட்டம். படகை வாடகைக்கு எடுப்பவர் கவனிக்க வேண்டியது நீளம்: மதகுகளில் 62 அடிக்கு மேல் கொள்ளாது. தெற்கே ஓடும் 70 அடி நீளமான ஒடுங்கிய படகுகள் இங்கே மாட்டிக்கொள்ளும்.

ஸ்கிப்டன் கோட்டைக்குப் பின்னால் அரை மைல் நீளத்துக்கு ஒரு கிளைக் கால்வாய் இருக்கிறது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் கீழே எல்லர் பெக் ஓடை. குன்றின் மேலிருந்து சுண்ணாம்புக்கல்லைச் சரிவுத்தொட்டி வழியாக நேரே படகில் கொட்டுவார்களாம். கோட்டைக்குள் இருந்தவர்களின் காது என்ன பாடுபட்டிருக்கும்!

லீட்ஸிலிருந்து வருவதுதான் சுகம்: அரை மணிக்கு ஒரு மின்ரயில், முக்கால் மணிப் பயணம். மின்கம்பி ஸ்கிப்டனோடு முடிகிறது. வடக்கே எல்லாம் டீசல். செட்டில், ரிபில்ஹெட், கார்லைல் போகும் டீசல் ரயில்கள் சுமார் இரண்டு மணிக்கு ஒன்றுதான். 24 வளைவுகள் கொண்ட ரிபில்ஹெட் பாலத்தைப் பார்க்க இறங்குகிறவர், ஏறுவதற்கு முன்பே திரும்பும் ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். லண்டன் கிங்ஸ் கிராஸுக்கு நேரடி ரயில் காலையில் ஒன்று, அங்கிருந்து மாலையில் ஒன்று. அவ்வளவே.

காரில் வருவோருக்கு லீட்ஸ்–கெண்டல் சாலையான ஏ65 உண்டு. ஹாரகேட்டிலிருந்து வரும் ஏ59 சாலையில் கெக்ஸ் கில் என்ற இடத்தில் மண் சரிந்து அடிக்கடி மூடியிருக்கிறார்கள். அதற்காகவே பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் புதுச் சாலை போடும் வேலையை 2023ல் தொடங்கினார்கள்.

"தினச்சந்தை" என்று கட்டுரை சொல்வதும் தவறு. 1204ல் ஜான் மன்னர் உரிமம் கொடுத்த சந்தை இன்று திங்கள், புதன், வெள்ளி, சனி மட்டுமே. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்து, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டி ஹை ஸ்ட்ரீட்டுக்குப் போனால், இரு ஓரமும் கல் பாவிய சரிவில் கடைகள். முன்பு அந்தக் கற்களின் மேல்தான் ஆடுமாடு விற்றார்கள். ஸ்கிப்டன் என்ற பெயரே ஆட்டூர் என்பதுதான். கால்நடை ஏலம் இப்போது ஊருக்கு வெளியே கார்கிரேவ் சாலைக்குப் போய்விட்டது. சந்தை நாளில் அந்தக் கல்தளம் முழுக்கக் கடைகள்தான், வண்டி நிறுத்த அங்கே இடம் இருக்காது.

இணையப் பதிப்பிலாவது "மான்செஸ்டரிலிருந்து" என்பதை "லீட்ஸிலிருந்து" என்று திருத்தி, சந்தை நாட்களையும் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்