ஒரே காற்றுக்கு மூன்று பெயர்

தென்காசி,
ஆடி 10

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. கொல்லத்தில் மகள் வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். கதவைத் திறந்ததும் உள்ளே தரையில் உன் கையெழுத்துதான் கிடந்தது. பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் நின்றபடியே படித்தேன். முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறி இறங்குகிறாய் என்று எழுதியிருந்தாய். மனசுக்கு ரொம்பவும் நிம்மதியாக இருந்தது. வாசித்துக் காட்டினேன். வீட்டிலும் சந்தோஷப்பட்டாள்.

டெல்லியில் ஜூன் முழுக்க அந்த 'லூ' அனல் காற்றில் வெந்து, மாதக் கடைசியில் முதல் மழை விழுந்தபோது மொட்டை மாடியில் போய் நனைந்தேன் என்று எழுதியிருந்தாயே, அந்தப் பத்தியை இரண்டு தடவை படித்தேன். அந்த மழை கேரளக் கரையில் ஏறி, நாட்டையே குறுக்காகத் தாண்டி உன்னிடம் வந்தது. நீ அங்கே கடைசி ஆட்களில் ஒருவனாக வாங்கிய அதே பருவமழையைத்தான் நான் இங்கே அது ஏறும் இடத்திலேயே பத்து நாள் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த வருஷம் ஓய்வு பெற்றதும் ஒரு மாதம் ஊரில் இருக்க வேண்டும், எந்த மாதம் வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தப் பயணத்தில் பார்த்ததைச் சொல்லாமல் அந்த ஒரு வரியை எழுத மனம் வரவில்லை.

கொல்லத்து மழையை முதலில் சொல்கிறேன். மகள் வீடு அஷ்டமுடிக் காயலுக்குப் பக்கத்தில். திண்ணையில் உட்கார்ந்தால் எதிரே தண்ணீர். அங்கே மழை வருவதைக் கண்ணால் பார்க்கலாம். எதிர்க்கரைத் தென்னைகள் முதலில் மங்கும், பிறகு மறையும். அப்புறம் காயல் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு நகர்ந்து வரும். அது நம்மைத் தொடுவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். அடித்துக் கொட்டும், கொஞ்சம் மூச்சு வாங்கும், மறுபடி கொட்டும். பத்து நாளில் ஒரு சட்டைகூட முழுசாகக் காயவில்லை. மலையாள இடவ மாதப் பாதியில் தொடங்குவதால் அங்கே இதற்கு 'இடவப்பாதி' என்றே பெயர். அவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 300 செ.மீ. அளவில் மழை. நம் மாநிலத்துக்கு நூறுகூடத் தேறாது. நடுவில் இருப்பது ஒரே ஒரு மலைத்தொடர்தான்.

அந்த மலையைத் தாண்டித்தான் திரும்பினேன். பஸ்ஸில் வா, சீக்கிரம் போய்விடலாம் என்றார்கள். நான் பிடிவாதமாக ரயில்தான் என்றேன். கல்லூரி நாட்களில் நாம் மீட்டர்கேஜ் வண்டியில் செங்கோட்டையிலிருந்து கொல்லம் போனோமே, அதே பாதை. 1904இல் போட்டது. 2010இல் அகலப்பாதைக்காக மூடி, 2018இல் மறுபடி திறந்தார்கள். திறந்த பிறகு நான் போனதே இல்லை. அந்த எட்டு வருஷத்தில் வண்டியை மறந்தே போயிருந்தேன் போல.

கொல்லத்திலிருந்து நண்பகல் வாக்கில் கிளம்பும் சென்னை வண்டி. குண்டறை, கொட்டாரக்கரை எல்லாம் மழையிலேயே கழிந்தன. இருபுறமும் ரப்பர் தோட்டம். மழையில் பால் வடிப்பது நின்றுவிடாமலிருக்க ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பளவில் பிளாஸ்டிக்கில் பாவாடை கட்டிவிட்டிருந்தார்கள். ஆயிரம் மரங்கள் அப்படி வரிசையாக நிற்பதைப் பார்க்க விழாவுக்கு உடுத்தி நிற்கிற மாதிரி இருந்தது. புனலூரில் வண்டியின் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுகிறார்கள். அங்கிருந்து ஏற்றம். செங்கோட்டை வரை 49 கிலோமீட்டர். முன்னால் ஒன்று இழுக்க, பின்னால் ஒன்று தள்ள, வண்டி மெதுவாக ஏறுகிறது. அந்த மெதுவுக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். தென்மலை தாண்டியதும் ஒவ்வொரு வளைவிலும் ஒரு ஓடை. மற்ற மாதங்களில் வெறும் பாறைக் கசிவாக இருக்கும் இடங்களெல்லாம் இப்போது வெள்ளை நூலாக இறங்குகின்றன. கழுதுருட்டிப் பக்கம் அந்தப் பதின்மூன்று கண் பாலம் நினைவிருக்கிறதா? கருங்கல் தூண்களில் பாசி படர்ந்து, கீழே ஆறு செம்மண் நிறத்தில் ஓட, மேலே நம் வண்டி. அதில் எதுவும் மாறவில்லை, மாப்ளே. நான் கண்ணாடியைத் தூக்கிவிட்டு முகத்தில் மழை வாங்கிக்கொண்டே வந்தேன். எதிரே இருந்த பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் தன் துண்டை எடுத்து நீட்டினார்.

ஆரியங்காவு தாண்டி அந்தச் சுரங்கம். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளம். நாம் நுழைந்ததுமே கத்துவோம், வெளியே வரும்வரை யார் மூச்சு தாங்குகிறது என்று போட்டி. நீதான் எப்போதும் ஜெயிப்பாய். இப்போதும் ஒரு பெட்டி நிறையப் பையன்கள் கத்தினார்கள். உள்ளே சுவரில் ஊற்று கசியும் வாசனையும் குளிரும் அப்படியே இருக்கின்றன.

நுழையும்போது ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது வெயில்!

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். சிறு வயதில் எத்தனை தடவை அந்தச் சுரங்கத்தைத் தாண்டியிருப்போம், ஒரு தடவைகூட இதைக் கவனித்ததில்லை. பகவதிபுரத்துக்குப் பக்கத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. இறங்கி வந்த மலையைத் திரும்பிப் பார்த்தேன். உச்சி நெடுகிலும் மேகம் வழிகிறது. பால் பொங்கிச் சட்டி விளிம்பைத் தாண்டுவது போல அந்தப் பக்கத்திலிருந்து வந்து இந்தப் பக்கம் சரிகிறது. ஆனால் அடிவாரத்துக்கு வந்து சேர்வதில்லை. பாதி இறங்குவதற்குள் கரைந்து காணாமல் போகிறது. வந்துகொண்டே இருக்கிறது, கரைந்துகொண்டே இருக்கிறது.

காரணம் நாம் பள்ளியில் படித்ததுதான். கடல் காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, சுமந்து வந்த ஈரத்தை அந்தப் பக்கமே கொட்டிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது அழுத்தம் கூடிச் சூடாகிறது. ஆயிரம் மீட்டர் இறங்கினால் பத்து டிகிரி அளவுக்குச் சூடு ஏறும். மிச்சமிருக்கும் மேகத் துளிகளும் அதில் ஆவியாகிவிடும். 'மழை மறைவுப் பிரதேசம்' என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதினோமே, அது கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

அப்படியானால் நமக்குச் சாரல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பாய். செங்கோட்டைக்கு மேற்கே மலை தாழ்ந்து ஒரு வாய் திறந்திருக்கிறது. அந்தக் கணவாய் வழியாகப் பிதுங்கி வரும் காற்றில் ஈரம் மிச்சமிருக்கிறது. அதுதான் சாரல். மழை மேலிருந்து விழும், சாரல் பக்கத்திலிருந்து மிதந்து வரும். குடை பிடித்துப் பயனில்லை. வெயிலும் கூடவே அடிக்கும். காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் என்று தெருவில் ஓடுவோமே, அது இந்த ஊரில் ஆனி ஆடியில் தினசரி நடப்பு. மற்ற ஊர்களில் வருஷத்துக்கு நாலு நாள் வந்தாலே அதிசயம்.

வந்து இரண்டாம் நாள் கோவில்பட்டியில் ஒரு துக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தூரத்துச் சொந்தம், உனக்குத் தெரியாது. தென்காசியில் ஏறும்போது பஸ் கண்ணாடியில் சாரல். சங்கரன்கோவில் தாண்டும்போது ரோட்டில் புழுதி. கோவில்பட்டியில் இறங்கினால் கரிசல் காடு முழுக்கக் காற்று, பனை ஓலைகள் ஓயாமல் சலசலக்கின்றன, வானத்தில் மேகத் துண்டுகள் கிழக்கே ஓடுகின்றன, ஒரு துளி இல்லை. பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா, "மேகாத்து ஆரம்பிச்சாச்சுய்யா, இனி ஐப்பசிக்குத்தான் இங்க மழை" என்றார். மேல்காற்று என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதே யோசனை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை என்று தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்தாரே. மேல்காற்றுக்கு எதற்காகக் கோடை என்று பெயர் என அப்போது நாம் கேட்கவில்லை. கோவில்பட்டியில் அந்தக் காற்றில் ஒரு மணி நேரம் நின்றவனுக்கு அது விளங்கிவிடும். ஈரத்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வறண்டு வருகிற காற்று அது. கொல்லத்தில் இடவப்பாதி, இங்கே சாரல், கோவில்பட்டியில் கோடை. காற்று ஒன்றுதான். காலையில் புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் மூன்றையும் தாண்டிவிடலாம். ஆனி, ஆடியை முதுவேனில் என்று பழைய இலக்கணக் கணக்கு சொல்லும். கரிசலுக்கு அது பொருந்துகிறது. நம் ஊருக்கோ இவை குளிர்ச்சியான மாதங்கள். இலக்கணத்துக்குத் தப்பிய ஊரில் பிறந்திருக்கிறோம் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

நேற்று முன்தினம் விடியற்காலையில் குற்றாலம் ஐந்தருவிக்குப் போனேன். கூட்டமில்லாத நேரம். நல்ல தண்ணீர், ஐந்து கிளையிலும் விழுகிறது. வழியில் மங்குஸ்தான் குவித்திருந்தார்கள். பேரருவியில் தண்ணீர் பொங்குமாங்கடல் என்கிற பாறைக் குழியில் விழுந்து எழும் புகையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் குளிப்பதற்கு இப்போதெல்லாம் ஒரு கண் மேலேயே இருக்க வேண்டும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து ஒரு சிறுவனை இழுத்துப் போய்விட்டது. கீழே மழையே இல்லாவிட்டாலும் மேலே காட்டில் பெய்தால் போதும், சில நிமிஷத்தில் இறங்கிவிடும். அந்தப் பையனை நினைக்காமல் இப்போது அங்கே நிற்க முடியவில்லை.

சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்துவிட்டது. பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் மலையாளம் பேசுகிறார்கள். மழைக்கு நடுவிலிருந்து மஞ்சளைப் பார்க்க வருகிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வரலாமா என்று நீ யோசிப்பாய், தீபாவளியும் வருகிறதே. அதுவும் அழகுதான், ஆனால் வேறு அழகு. அப்போது காற்று திரும்பிவிடும். மேகம் கிழக்கிலிருந்து, வங்காள விரிகுடாவிலிருந்து வரும். பகல் முழுக்கப் புழுங்கி, ராத்திரி இடி மின்னலோடு கொட்டும். கோவில்பட்டித் தாத்தா காத்திருக்கும் மழை அது. நம் மாநிலத்துக்கு வருஷத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அந்த மூன்று மாதத்தில்தான். ஆனால் 2023 டிசம்பரை நான் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அந்தத் தூத்துக்குடி மாவட்டத்துக்கு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். தாமிரபரணி கரைமீறி ஓடியது. உன்னோடு பேச மூன்று நாள் போன் கிடைக்காமல், நீ அங்கே தூங்காமல் இருந்ததைத் தங்கச்சி பிறகு சொன்னாள். பருவம் வருகிற தேதி பெரிதாக மாறவில்லை. வருகிற விதம் மாறியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சாரலும் இந்த வருஷம் விட்டு விட்டுத்தான் விழுகிறது. நாலு நாள் பொழிந்தால் ஒரு வாரம் வெறும் காற்று. நம் சின்ன வயதில் ஆடி முழுக்க வாசல் திண்ணை காயாது.

அதனால் என் பதில்: ஆனிக் கடைசியில் வா. அருவிக்காக இல்லை, அந்தச் சுரங்கத்துக்காக. டெல்லியிலிருந்து மதுரை வழியாக வராதே, அப்படி வந்தால் வறண்ட பக்கத்திலிருந்து சாரலுக்குள் நுழைவாய், பாதிதான் தெரியும். கேரளா எக்ஸ்பிரஸில் ஏறி கொல்லத்தில் இறங்கு. மகள் வீட்டில் இரண்டு நாள் தங்கி, காயலில் மழை வருவதைப் பார். முழங்காலுக்கும் ஓய்வாக இருக்கும். நான் முன்னாடியே அங்கே வந்துவிடுகிறேன். மூன்றாம் நாள் அந்த நண்பகல் வண்டியில் நாம் நாலு பேரும் ஏறுவோம். ஜன்னல் ஓரம் உனக்கு. ஆரியங்காவு தாண்டும்வரை மூடாதே, நனைந்தாலும் பரவாயில்லை, மாற்றுச்சட்டை நான் கொண்டுவருகிறேன்.

ஓய்வு பெறும் தேதி உறுதியானதும் எழுது. டிக்கெட் அறுபது நாளுக்கு முன்னால்தான் திறக்கும், அன்று காலையிலேயே எடுத்துவிடு. என் தங்கச்சிக்கு ஒரு கம்பளிச் சால்வை எடுத்துவரச் சொல், சாரலில் சாயங்காலம் காது குளிரும். இதை எழுதும்போதே தாளில் நாலைந்து துளி விழுந்துவிட்டது, அங்கங்கே மை கரைந்திருக்கும். ஜன்னலை மூட மனசில்லை.

அன்புடன்,
உன் மாப்ளே