ஊட்டி ரயிலுக்காக அழும் செட்டிநாட்டு உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்மார்களே, ஆச்சிமார்களே, வெளியூரில் பிழைத்துக்கொண்டு ஊர் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் குடியிருக்கும் தம்பிமார்களே,

"ஊட்டி மலை ரயிலை மூடப் போகிறார்களாம். கரி எஞ்சினை எல்லாம் காயலான் கடைக்குப் போடப் போகிறார்களாம். கடைசியா ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துருங்க." இந்தச் செய்தி எனக்குக் காரைக்குடியிலிருந்து வந்தது, தேவகோட்டையிலிருந்து வந்தது, சிங்கப்பூரிலிருந்தும் வந்தது. கீழே அழுகிற பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. யார் சொன்னது, எந்தத் தேதியில் மூடுகிறார்கள், உத்தரவு எங்கே என்று கேட்டால், "எனக்கும் ஃபார்வர்டுதான்ணே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என் உறவில் ஒரு குடும்பம் இதை நம்பி, பிள்ளைகளோடு போக எடுத்திருந்த டிக்கெட்டை ரத்து செய்தது. ரயிலே ஓடாதாமே, அப்புறம் எதற்கு டிக்கெட் என்று.

இந்த வதந்தி எப்போது கிளம்புகிறது என்று கவனித்தீர்களா? பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ் பக்கம் பாதை மேல் மண் சரியும், பாறை உருளும், மரம் விழும். உடனே ரயில்வே ரயிலை நிறுத்தும். நிறுத்தித்தான் ஆக வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியே சரிந்து நாற்பதுக்கு மேல் உயிர் போனபோது இந்த ரயில் மாதக்கணக்கில் ஓடவில்லை. பாதையைச் சரிசெய்த பிறகு ஓடியது. "மறு அறிவிப்பு வரும் வரை ரத்து" என்று ரயில்வே சொல்வது நம் குழுக்களுக்கு வந்து சேரும்போது "நிரந்தரமாக மூடல்" ஆகிவிடுகிறது. இதற்கு இடையில் எத்தனை கை மாறியதோ!

2020 டிசம்பரில் நடந்ததும் நினைவிருக்கும். கொரோனாவால் வழக்கமான ரயில் நின்றிருந்த சமயம். ஒரு தனியார் நிறுவனம் மொத்த ரயிலையும் வாடகைக்கு எடுத்து, ஆளுக்கு 3000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஓட்டியது. "மலை ரயிலைத் தனியாருக்கு விற்றுவிட்டார்கள்" என்று தமிழ்நாடு முழுக்கப் பேச்சு. சார்ட்டர் பயணம்தான், விற்கவில்லை என்று ரயில்வே விளக்கம் சொன்னது. விளக்கத்தை எத்தனை பேர் ஃபார்வர்டு செய்தீர்கள்?

சரி, காயலான் கடை விஷயத்துக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை சுமார் 46 கிலோமீட்டர். நீராவி எஞ்சின் தள்ளிக்கொண்டு போவது குன்னூர் வரைதான், அதற்கு மேல் டீசல். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. செங்குத்தான இடத்தில் சுமார் 12 அடி முன்னால் போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். வெறும் இரும்புச் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த தண்டவாளம் ஓடுகிறது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும். இதற்கென்றே எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைச் சுழற்றும், மற்ற இரண்டும் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஏறும்போது எஞ்சின் பின்னால் நின்று பெட்டிகளை முட்டித் தள்ளும். பெட்டிக்கு ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். நடுவழியில் நின்று நின்று தண்ணீர் குடித்துத்தான் எஞ்சின் மேலே போகும்.

பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தில், விண்டர்தூர் என்ற ஊரில் செய்தவை. புதியவை எங்கே செய்யப்பட்டன என்று நினைக்கிறீர்கள்? நமக்குப் பக்கத்தில், திருச்சி பொன்மலைப் பணிமனையில். காரைக்குடியில் ரயில் ஏறினால் புதுக்கோட்டை தாண்டிப் போய்விடுகிற தூரம்தான். கரி எஞ்சின்கள் சிலவற்றை எண்ணெய் எரிக்கும்படி மாற்றினார்கள், எண்ணெய் எஞ்சின்கள் சிலவற்றைப் புதிதாகவும் கட்டினார்கள். கரி குறைந்ததைப் பார்த்து ரயிலே போகப் போகிறது என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை. மூடப்போகிற பாதைக்கு யாராவது புது எஞ்சின் கட்டுவார்களா?

2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இது சேர்ந்தது. பட்டியலில் இருப்பதாலேயே எந்தக் காலத்திலும் ஒன்றும் ஆகாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் இந்தியாவில் மூடுவதற்குக் கடினமான பாதைகள் என்று கணக்கெடுத்தால் இது முதல் வரிசையில் வரும். நாளைக்கே மூடுகிறோம் என்று ஒரு காகிதம் வந்தால், ஊட்டிக்காரர்கள் முதல் வெளிநாட்டு ரயில் பிரியர்கள் வரை கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பேச ஆள் இருக்கிறது.

பேச ஆள் இல்லாத பாதை ஒன்று நம் வாசலில் கிடக்கிறது. அதற்குத்தான் இந்த மடல்.

காரைக்குடி–திருவாரூர் பாதையைச் சொல்கிறேன். அந்தக் காலத்துத் தஞ்சாவூர் ஜில்லா போர்டு நிலவரியோடு கூடுதல் வரி வசூலித்துப் போட்ட ரயில் பாதையில் தொடங்கிய கதை அது. 1894-இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை வந்தது, அப்புறம் பட்டுக்கோட்டை, அறந்தாங்கி என்று நீண்டது, சுதந்திரத்துக்குப் பிறகு காரைக்குடியைத் தொட்டது. கம்பன் எக்ஸ்பிரஸ் இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போய் வந்தது. கம்பன் விழா எடுக்கிற ஊருக்கு அந்தப் பெயரில் ஒரு ரயில்! சாயங்காலம் ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். இதைப் படிக்கிற ஐம்பது வயதுக்காரர்கள் பாதிப் பேராவது அதில் போயிருப்பீர்கள். மீட்டர்கேஜ் என்ற குறுகிய பாதையை அகலப்பாதையாக மாற்றும் வேலை தொடங்கியதும் அது நின்றது. 2012-இல் காரைக்குடிப் பக்கத்து மீட்டர்கேஜும் நின்றது. அன்றைக்கு எந்தக் குழுவிலும் யாரும் அழவில்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம்.

காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வரை அகலப்பாதையில் ரயில் வந்தது 2018-இல். திருவாரூர் வரை போனது 2019-இல். போனது என்றால் எப்படி? கேட்டுகளுக்கு ஆள் போடவில்லை. கேட்கீப்பர் ரயிலிலேயே ஏறி வருவார், கேட் வந்ததும் இறங்கி மூடுவார், ரயில் கடந்ததும் திறந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வார். வழியில் இருந்த கேட்டுகளோ எழுபதுக்கு மேல். சுமார் 150 கிலோமீட்டர் போக ஆறு மணி நேரம் ஆனது. பஸ்காரர்கள் அந்த ரயிலுக்கு மாலை போட்டிருக்கலாம். ஆறு மணி நேர ரயிலில் யார் ஏறுவார்கள்? கூட்டம் இல்லை. கூட்டம் இல்லாததால் கூடுதல் ரயில் கேட்க முகம் இல்லை.

மதுரை–போடி பாதையும் இதே போலத்தான். 2010 கடைசியில் நின்றது, தேனிக்கு 2022-இல், போடிக்கு 2023-இல் ரயில் திரும்பியது. இடையில் ஒரு தலைமுறைப் பள்ளிப் பிள்ளைகள் ரயிலைப் பார்க்காமலே கல்லூரிக்குப் போய்விட்டார்கள். மூடல் என்று யாரும் அறிவிக்கவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். நேரம் இழுக்கும், பெட்டி குறையும், மக்கள் பஸ்ஸுக்குப் பழகுவார்கள், அப்புறம் பயணிகள் இல்லை என்று ஒரு கணக்கு எழுதப்படும். ரயில் பாதை செத்துப்போகும் விதம் இதுதான். இதில் ஃபார்வர்டு செய்வதற்குப் பரபரப்பாக ஒன்றுமே இருக்காது.

முன்னேற்றமே இல்லை என்றும் சொல்லமாட்டேன். 2023-இல் தாம்பரம்–செங்கோட்டை ரயிலை இந்த வழியாக, வாரம் மூன்று நாள் விட்டார்கள். நல்லதுதான். 2025-இல் தினமும் ஓடும் ராமேஸ்வரம்–தாம்பரம் ரயிலும் இந்த வழியாக வந்தது. ஆனால் ஊருக்கு ஊர் போய் வர அது போதுமா? கேட்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். காரைக்குடி ஸ்டேஷன் மதுரைக் கோட்டம், பாதையோ திருச்சிக் கோட்டம். ஒருவர் மற்றவரைக் கைகாட்ட வசதியாகப் போய்விட்டது. அதனால் மனு எழுதும்போது இரண்டு கோட்ட மேலாளருக்கும் எழுதுங்கள், சென்னையில் தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கும் ஒரு நகல் போடுங்கள். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் அனுப்புவதைவிட, புதுவயல் அரிசி ஆலைக்காரர் ஒருவர் தன் சரக்குக் கணக்கோடு எழுதுவதும், அறந்தாங்கியில் படிக்கிற பிள்ளையின் அப்பா காலை எத்தனை மணிக்கு ரயில் வந்தால் பயன்படும் என்று எழுதுவதும் எடுபடும். நாகூர், வேளாங்கண்ணி போகிறவர்கள் எத்தனையோ பேர் நம் பக்கம் இருக்கிறார்கள். ஒரு தடவையாவது காரை விட்டுவிட்டு கண்டனூர்–புதுவயல் ஸ்டேஷனில் ஏறுங்கள். ஏறும்போது டிக்கெட் எடுத்து ஏறுங்கள், அவர்கள் பார்க்கப்போவது அந்தக் கணக்கைத்தான்.

ஊட்டிக்கும் போங்கள். டிக்கெட்டை ரத்து செய்த குடும்பத்துக்கும் அதைத்தான் சொன்னேன். மழைக்காலத்தில் கிளம்புவதற்கு முந்தின நாள் சேலம் கோட்டத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டால் போதும், மலை ரயில் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. திரும்பி வந்து கரி எஞ்சின் வீடியோவைக் குழுவில் போடும்போது, பட்டுக்கோட்டை ரயிலின் நேரத்தையும் கூடவே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
புதுவயல்காரன் ஒருவன்