தப்பை எடிட் மேசையில் வையும்

திருநெல்வேலி டவுண்

அன்புள்ள முத்தையாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பிசான நடவு முடிஞ்சாச்சு. உம்ம நாவலை வாசிச்சேன்வே.

ரியாலிட்டி ஷோவில் ஜெயிச்சவன் ராதாபுரத்தில் எம்.எல்.ஏ.வுக்கு நிக்கிறதை எவனும் நம்புவான். 2017-ல் பிக் பாஸ் நடத்தின கமல், 2018 பிப்ரவரியில் மதுரையில் கட்சி தொடங்கலையா? இடிக்கிறது வேற இடம். உம்ம கதையில் அவன் கெட்டுப்போறது பணப்பெட்டியால். பழைய சினிமாவே அது. எடிட் மேசையில் கெடட்டும்.

ஷோ எடிட்டிங்கில் ஒருத்தன் திங்கக்கிழமை பேசின பாதி வாக்கியத்தோடு வியாழக்கிழமைப் பேச்சை ஒட்டுவாங்க. ஒட்டு விழுற இடத்தில், கேட்டுக்கிட்டிருக்கிறவர் முகத்தைப் போட்டுட்டா பேசுறவன் வாய் தெரியாது. மாட்டுறது சத்தத்தில்தான்: முதல் பாதியில் ஏசி இரையும், அடுத்த பாதியில் இரையாது. கைதேர்ந்தவங்க காலி அறைச் சத்தத்தைத் தனியாப் பதிஞ்சு அடியில் ஓட்டி அதையும் மறைச்சிருவாங்க. ஷோவில் நாயகனோட போட்டி போடுற எதிராளியின் பேச்சில் உம்ம எடிட்டர் இசக்கியம்மாள் ஒரே ஒரு தடவை இதைச் செய்யட்டும். நாயகனுக்கு அது தெரியணும், வாயைத் திறக்கக் கூடாது. அந்த எதிராளி கோர்ட்டுக்குப் போறதும் லேசில்லை; வெட்டவும் ஒட்டவும் சம்மதம்னு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத்தானே உள்ளே வந்தான்.

சட்டம் சில இடத்தில் தப்பா இருக்கு. நீர் எழுதின டெபாசிட் 25,000 எம்.பி. தேர்தலுக்கு, சட்டமன்றத்துக்கு 10,000, பட்டியலினத்தவருக்கு 5,000. சுயேச்சைன்னா முன்மொழியத் தொகுதி வாக்காளர் 10 பேர் வேணும். செலவு வரம்பு 40 லட்சம், முடிவு வந்த 30 நாளில் கணக்கு.

ஓட்டுக்கு முந்தின ராத்திரி அவன் டிவியில் ஓட்டுக் கேட்டு அழுறானே, அது நடக்காது. வாக்குப்பதிவு முடியுறதுக்கு முந்தின 48 மணி நேரம் டிவியில் பிரசாரம் கூடாது. ஆனா அந்த நேரத்தில் சேனல்காரன் பழைய எபிசோடை 'மறு ஒளிபரப்பு'ன்னு ஓட்டினா? பிரசாரமா, வெறும் நிகழ்ச்சியான்னு அதிகாரி ஃபைல் புரட்டுறதுக்குள்ளே ஓட்டுப் போட்டு முடிஞ்சிரும். மொத்த நாவலுக்கும் ஆணிவேர் இங்கேதான் இருக்கு.

ஓட்டு வித்தியாசத்தை 3,000-ன்னு எதுக்கு வச்சீர்? 2016-ல் அதே ராதாபுரத்தில் 49 ஓட்டுதான். தலைமையாசிரியர் சான்றொப்பம் போட்ட தபால் ஓட்டு செல்லுமான்னு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போச்சு. நீரும் 100-க்குள்ளே வையும். அப்பதான் அந்த ஒட்டுப்பேச்சு எத்தனை ஓட்டைத் திருப்பிச்சுன்னு வாசிக்கிறவனுக்கு உறுத்தும்.

காதல் அத்தியாயம் ரெண்டையும் வெட்டிரும். திருத்தினதும் அனுப்பும்.

உம்ம
சங்கரன்