மூன்றில் ஒன்று: வேட்பாளர் பட்டியல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் தமிழ், முஸ்லிம் கட்சிகளின் வேட்பாளர் பட்டியலைத் தயாரிக்கும் ஐயாமாருக்கு,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்தது. அதற்கான அடுத்த தேர்தல் எப்போது என்பதை நீங்களும் நானும் கொழும்பைப் பார்த்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் தேர்தல் திகதி வருவதற்கு முன்பே உங்கள் பட்டியலில் பாதிப் பெயர்கள் எழுதி முடிந்துவிடும் என்பது ஊருக்குத் தெரியும். அதனால் அந்தப் பட்டியலில் பெண்களுக்கு இடம் கேட்டு முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

2024 நவம்பரில் மாத்தறையில் சரோஜா சாவித்திரி போல்ராஜ் வென்றார். சிங்கள மக்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் மாவட்டம் அது. வென்ற தமிழ்ப் பெண் இன்று அமைச்சர். பதுளையில் அம்பிகா சாமுவேல், நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி ஆகியோரோடு மலையகத் தமிழ்ப் பெண்கள் முதல் தடவையாகப் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அவர்கள் நின்ற தேசிய மக்கள் சக்தியோடு உங்களுக்குப் பிணக்கு உண்டு. எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனாலும் அதே தேர்தலில் மட்டக்களப்பின் ஐந்து ஆசனங்களும் ஆண்களுக்கே போயின. அம்பாறையின் ஏழு ஆசனங்களில் தமிழ் பேசும் பெண் ஒருவர்கூட இல்லை. தமிழரின் உரிமைக்கும் முஸ்லிம்களின் தனித்துவத்துக்கும் நாங்களே காவல் என்று மேடைதோறும் சொல்லும் உங்களை மாத்தறை வாக்காளர் முந்திவிட்டார்களே, அது உறைக்கவில்லையா?

கிழக்கிலிருந்து பெண்கள் போகவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பொத்துவில் தொகுதி உறுப்பினர் கனகரத்தினம் சுடப்பட்டு, பின்னர் 1980 இல் இறந்தபோது அந்த இடத்துக்கு அவருடைய சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் நியமிக்கப்பட்டார். 2000 செப்டெம்பரில் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் அஷ்ரப் ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். அடுத்த மாதமே அவருடைய மனைவி பேரியல் அஷ்ரப் தேர்தலில் வென்றார், பிறகு அமைச்சராகவும் நுஆ (தேசிய ஐக்கிய முன்னணி) கட்சியின் தலைவியாகவும் இருந்தார். இருவரின் ஆற்றலையும் நான் குறைத்துப் பேசவில்லை. கதவு திறந்தது செத்த வீட்டில் என்பதைத்தான் சொல்கிறேன். 2004 இல் மட்டக்களப்பில் வென்ற தொல்லியல் அறிஞர் தங்கேஸ்வரி கதிராமன் அந்த வழியால் வந்தவர் அல்லர். 2010 இல் அவர் தோற்றார். அதற்குப் பிறகு மட்டக்களப்பு மாவட்டம் ஒரு பெண்ணையும் தெரிவு செய்து அனுப்பவில்லை.

உள்ளூராட்சி சபைகளில் 25 வீத ஒதுக்கீடு இருக்கிறதே என்பீர்கள். 2016 இல் சட்டம் வந்தது, 2018 தேர்தலில் நடைமுறைக்கும் வந்தது. அதை எப்படிக் கையாண்டீர்கள்? வட்டார வேட்பாளர்களில் பத்து வீதம் பெண்கள் இருந்தால் போதும், கட்சி பெறும் வாக்குகளுக்கு ஏற்ப உறுப்பினர்களை எடுக்கும் மேலதிகப் பட்டியலில் பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது சட்டம். வெல்லக்கூடிய வட்டாரங்களை ஆண்களுக்கு வைத்துக்கொண்டு பெண்களைப் பட்டியலில் தள்ளினீர்கள். பிறகு சபையில் அவர்களைப் “பட்டியல் உறுப்பினர்” என்று இளக்காரமாக அழைத்தவர்களும் உங்கள் ஆட்களே. எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் பெண் உறுப்பினரின் தொலைபேசி இலக்கம் என்று ஊருக்குக் கொடுக்கப்பட்டது அவருடைய கணவரின் இலக்கம்!

இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. மட்டக்களப்பில் குடி என்னும் வம்சப் பிரிவு தாய்வழியாக வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. கோயிலில் யாருக்கு எந்த உரிமை என்பதைத் தாயின் வயிற்றுவார் (தாய்வழிக் கிளை) பார்த்துத்தான் தீர்க்கிறோம். ஆனால் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கராக எழுந்து நிற்பது அந்தத் தாயின் மகன் அல்லது சகோதரன். கட்சியும் அப்படியே நடக்கிறது. வாக்கு எங்கள் வீட்டிலிருந்து வர வேண்டும், கதிரை உங்களுடையதாக இருக்க வேண்டும்.

தகுதியான பெண்கள் கிடைப்பதில்லை என்று சொல்லாதீர்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடி முகாம், நீதிமன்றம், ஆணைக்குழு என்று ஏறி இறங்கியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நுண்கடன் வசூலிக்க வந்தவர்களை ஊரைக் கூட்டிக் கேள்வி கேட்ட மாதர் சங்கத் தலைவிகள் இருக்கிறார்கள். அவர்களில் யாரிடமாவது உங்கள் குழு போய்க் கேட்டதா? கேட்டாலும் இரவு பத்து மணிக் கூட்டத்துக்கு வரச் சொல்வீர்கள். வந்தால் அவர் நடத்தை பற்றி முகநூலில் எழுதுவதும் பல நேரங்களில் அதே பட்டியலில் நிற்கும் இன்னொருவரின் ஆதரவாளர்தான். முஸ்லிம் கட்சியினர் மார்க்கத்தைக் காட்டி ஒதுங்க வேண்டாம். பேரியல் அஷ்ரப்பின் கூட்டங்களுக்குத் திரண்ட அதே ஊர்கள்தான் இன்றும் இருக்கின்றன.

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று.

பாராளுமன்றத் தேர்தலில் கட்சிக்கு ஒரு வாக்கும் அதன் வேட்பாளர்களில் மூவர்வரை விருப்பு வாக்கும் அளிக்கிறோம். மாகாண சபைக்கும் பழைய விகிதாசார முறையில் தேர்தல் நடந்தால் இதே கணக்குத்தான். ஆசனங்களின் எண்ணிக்கை கட்சி பெறும் வாக்குகளால் தீர்மானிக்கப்படுகிறது. அந்த ஆசனங்களில் யார் அமர்வது என்பதை மட்டுமே விருப்பு வாக்கு சொல்கிறது. ஆகவே, விருப்பு வாக்குகளில் ஒன்றைப் பெண் வேட்பாளருக்கு இடுங்கள் என்று கட்சியே கேட்டால் கட்சிக்கு ஓர் ஆசனமும் குறையாது. குறைந்தால் உங்களில் ஒருவரின் இடம் குறையும். தயக்கத்துக்குக் காரணம் அதுதான் என்றால் அதையாவது வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பாராளுமன்றத் தேர்தலில் மட்டக்களப்பில் ஒரு கட்சி எட்டுப் பேரை நிறுத்தலாம், அம்பாறையில் பத்துப் பேரை. அதில் கடைசி நாளில் இடம் நிரப்பப் பிடித்துவரும் ஒரு பெண் எங்களுக்கு வேண்டாம். குறைந்தது இருவரை ஆறு மாதம் முன்பே அறிவியுங்கள். மூத்த வேட்பாளர்கள் தமக்குள் விருப்பு இலக்கங்களைப் பங்குபோட்டு வீடு வீடாகக் கொடுக்கும் துண்டுப்பிரசுரத்தில் மூன்றில் ஓர் இலக்கம் அந்தப் பெண்களுடையதாக இருக்கட்டும். செலவுக்குக் கட்சி நிதியிலிருந்து பங்கு கொடுங்கள். கூட்டங்களைப் பகலில் வையுங்கள்.

சம்மதமா, இல்லையா என்பதைப் பத்திரிகை அறிக்கையாகவே சொல்லலாம். அதன் கீழே பட்டியல் எழுதுபவர்களின் பெயர்கள் இருக்க வேண்டும். மகளிர் அணித் தலைவியை மட்டும் கையொப்பமிடச் சொல்லி அனுப்பினால் அதை நான் பதிலாக எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாக்காளர்