பத்து நிமிடத் தீர்ப்பு

மதுரை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் அதனுடன் இணைத்திருந்த தீர்ப்பு நகலும் சென்ற வாரம் வந்து சேர்ந்தன. கண் அறுவைக்குப் பிறகு சில நாட்கள் எதையும் படிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், மகள் வாசிக்கக் கேட்டேன். பேரன் பிறந்த செய்தி அரைப் பக்கத்திலும் பாதை வழக்குத் தோற்ற செய்தி மீதி நான்கு பக்கங்களிலும் இருந்ததிலிருந்தே உன் மனம் எங்கே கிடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பேரனுக்கு என் ஆசிகள். அவனைப் பற்றி நேரில் பேசிக்கொள்வோம். இந்தக் கடிதம் முழுவதும் வழக்கைப் பற்றித்தான் இருக்கும்.

"பதினான்கு வருடம் நடந்த வழக்கைப் பத்து நிமிடத்தில் தள்ளிவிட்டார்கள். நீதிபதி வழக்குக் கட்டைப் பிரித்தாவது பார்த்தாரா?" என்று கேட்டிருக்கிறாய். நான் வக்கீல் அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராகச் சேர்ந்து, 2004 ஜூலையில் மதுரைக் கிளை தொடங்கியபோது இங்கே மாறுதலாகி, நீதிபதிகளின் தனிச் செயலராக ஓய்வு பெற்றவன். சட்டத்தை முறையாகக் கற்காதவன் என்றாலும், தீர்ப்பு எழுதப்படும் மேசைக்கு எதிர்ப்புறம் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் உன் கேள்விக்கு நேரான பதில். நீதிபதி கட்டைப் படித்துத்தான் இருக்கிறார். தீர்ப்பின் ஆறாவது பத்தியில் உன் பிராதின் (வழக்கைத் தொடங்க நீ கொடுத்த மனுவின்) வேண்டுகோள் பகுதி அப்படியே எடுத்து எழுதப்பட்டிருக்கிறது. 'தாவா பாதை வாதிக்குச் சொந்தமானது என்று விளம்புகை செய்தும், பிரதிவாதிகள் அதில் பிரவேசிக்காதிருக்க நிரந்தர உறுத்துக்கட்டளை பிறப்பித்தும்' என்று நீ கேட்டிருக்கிறாய். அதாவது, பாதை உனக்குச் சொந்தம் என்று அறிவித்து, எதிர்த்தரப்பு அதில் நுழையாமல் தடை போட வேண்டும் என்று. சாட்சி சொன்ன நான்கு பெரியவர்களோ, உன் அப்பா காலத்திலிருந்து அந்த வழியாகத்தான் வண்டி போகிறது என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆனால் ஒரு வழியில் ஐம்பது வருடம் நடந்தது நடக்கும் உரிமையைக் காட்டலாமே தவிர, அந்த மண் உனக்குச் சொந்தம் என்பதைக் காட்டாது. 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி, இருபது ஆண்டுகள் இடையூறின்றி, வெளிப்படையாக, உரிமையென்று கருதி நடந்து வந்தவர் அடுத்தவர் நிலத்தின் வழியே போகும் பாதையுரிமையைக் கோரலாம். நீ அதைக் கோரவேயில்லை. 'என் நிலம்' என்றாய். 'என் நிலம்' என்பவர் அதே மூச்சில் 'அடுத்தவர் நிலத்தில் எனக்கு வழியுரிமை' என்று சொல்ல முடியாது அல்லவா? பிராதில் சொல்லாத ஒன்றுக்கு எத்தனை சாட்சியம் வந்தாலும் நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது பிரிட்டிஷ் ஆட்சியில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் காலத்திலிருந்து இருந்து வரும் விதி. இதைக் கண்டுகொள்ள அனுபவமுள்ள நீதிபதி ஒருவருக்குப் பிராதும் கீழ்க் கோர்ட்டுகளின் இரண்டு தீர்ப்புகளும் போதும். முதல் நாள் இரவில் ஒரு மணி நேரம் போதும். நீ பார்த்த பத்து நிமிடம் அதற்கு மறுநாள் காலையில் நடந்தது.

அடுத்தது, உயர் நீதிமன்றம் ஏன் சாட்சியத்தை மறுபடி எடைபோடவில்லை என்ற உன் குறை. இங்கேதான் நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. முன்சீப் கோர்ட், சப் கோர்ட், ஹைகோர்ட் என்று படிப்படியாக ஏறும்போது, ஒவ்வொரு படியிலும் முன்னதைவிடப் பெரிய அதிகாரி ஒருவர் அதே வழக்கை முதலிலிருந்து விசாரிப்பார் என்று நினைக்கிறோம். உண்மையில் மேலே போகப் போக, கேட்கக்கூடிய கேள்வி குறுகிக்கொண்டே போகிறது. முன்சீப் எல்லாவற்றையும் கேட்பார்; சாட்சியின் முகத்தையும் பார்ப்பார். முதல் மேல்முறையீட்டில் சப் கோர்ட்டின் சார்பு நீதிபதி முகத்தைப் பார்க்க முடியாது. ஆனால் சாட்சியம் முழுவதையும் மறுபடி எடைபோடலாம். இரண்டாம் மேல்முறையீட்டில், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100ஆம் பிரிவு 1976இல் திருத்தப்பட்ட பிறகு, வழக்கில் முக்கியமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தால் மட்டுமே உயர் நீதிமன்றம் உள்ளே நுழையலாம். அந்தக் கேள்வி இன்னது என்று நீதிபதி எழுதி வைத்துக்கொண்டுதான் வழக்கையே அனுமதிக்க வேண்டும். கீழ்க் கோர்ட்டுகள் எந்தச் சாட்சியமும் இல்லாமல் முடிவுக்கு வந்திருந்தாலோ, முக்கியமான ஆவணத்தைப் பார்க்காமலே விட்டிருந்தாலோ அதுவும் சட்டக் கேள்வியாகிவிடும். உன் வழக்கில் இரண்டு கோர்ட்டுகளும் ஒரே முடிவுக்கு வந்தன. ஆவணம் எதையும் விட்டுவிடவும் இல்லை. இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பிய வக்கீலான அட்வகேட் கமிஷனரின் வரைபடத்தை நம்பியது தவறு என்கிறாய். நம்புவதா வேண்டாமா என்பது சட்டக் கேள்வி அல்லவே.

ஒரு நீதிபதி எப்படி முடிவுக்கு வருகிறார் என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று தராசில் வைத்துப் பார்க்கிறார் என்ற பதிலையே எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நான் பார்த்தவரையில், நல்ல நீதிபதிகள் முதலில் தேடியது நியாயத்தை அல்ல, கேள்வியை. இந்த வழக்கில் நான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி எது, அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் உண்டா, எனக்கு முன்னால் யாராவது இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா என்ற மூன்றையும் தீர்த்துக்கொண்ட பிறகு, மீதி வேலை பல வழக்குகளில் தானாக முடிந்துவிடும்.

மூன்றாவது கேள்வியில் உள்ள கட்டுப்பாடு வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. தனி நீதிபதி ஒருவர், இரண்டு நீதிபதிகள் கொண்ட டிவிஷன் பெஞ்ச் சொன்னதை ஏற்கத்தான் வேண்டும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். ஒரு டிவிஷன் பெஞ்சுக்கு இன்னொரு டிவிஷன் பெஞ்ச் சொன்னது சரியில்லை என்று தோன்றினால், மாற்றி எழுத முடியாது. மூவர் கொண்ட ஃபுல் பெஞ்ச் அமைக்கும்படி தலைமை நீதிபதிக்கு அனுப்ப வேண்டும். உச்ச நீதிமன்றம் சொன்ன சட்டம் எல்லோரையும் கட்டும். எந்த நீதிபதி எந்த வகை வழக்கைக் கேட்பது என்பதையும் தலைமை நீதிபதியின் ரோஸ்டர் என்ற பணிப் பங்கீட்டுப் பட்டியல்தான் முடிவு செய்கிறது. ஜாமீன் மனுக்களைக் கேட்கும் நீதிபதி ரோஸ்டரில் இல்லாத நில வழக்கைத் தானாக எடுத்து விசாரிக்க முடியாது. உன் வக்கீல், 'நல்ல ஜட்ஜ் வரட்டும், அதுவரை வாய்தா வாங்குவோம்' என்று சொன்னதாக எழுதியிருந்தாய். ரோஸ்டர் அவ்வப்போது மாறுவதால் அப்படிக் காத்திருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது வீண் காத்திருப்பு. பிராதில் இல்லாததை எந்த ஜட்ஜும் கொடுக்க முடியாது.

தீர்ப்பு எழுதும் வேலையைப் பற்றி ஒன்று சொல்கிறேன். இன்னாரென்று கேட்காதே, வழக்கும் எதுவென்று சொல்ல மாட்டேன். நான் பணியாற்றிய நீதிபதி ஒருவர், விசாரணை முழுவதும் மனுதாரர் பக்கமே சாய்ந்திருந்தார். அவர் கேட்ட கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்த எதிர்த்தரப்பு வக்கீலின் முகம் வாடிவிட்டது. தீர்ப்பைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார். இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரச்சொல்லி டிக்டேஷன் கொடுக்கத் தொடங்கினார். வழக்கின் சுருக்கம், இரு தரப்பு வாதம் எல்லாம் ஆற்றொழுக்காக வந்தன. 'ஆகவே' என்று தொடங்க வேண்டிய இடத்தில் நின்றுவிட்டார். மனுதாரர் காட்டிய முன்தீர்ப்பை எடுத்து மறுபடி படித்தார். அந்த முன்தீர்ப்பில் அரசு நோட்டீஸே கொடுக்கவில்லை. இந்த வழக்கில் கொடுத்திருந்தது. வாதத்தின்போது பெரிதாகத் தெரியாத அந்த வேறுபாட்டைத் தாண்டி ஒரு வாக்கியம்கூட எழுத அவருக்கு வரவில்லை. "போய்விட்டுத் திங்கட்கிழமை வாருங்கள்" என்றார். திங்கட்கிழமை மனு தள்ளுபடியானது. பெஞ்சில் உட்கார்ந்து பேசும்போது வரும் எண்ணத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. எழுதும்போது ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். நீதிபதி கேட்கும் கேள்வியை வைத்துத் தீர்ப்பை ஊகிக்கும் ஜூனியர் வக்கீல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சனிக்கிழமை நினைவுக்கு வரும்.

ஒத்திவைத்த தீர்ப்பை எவ்வளவு காலம் கழித்தும் சொல்லலாம் என்று நினைக்காதே. மூன்று மாதத்தில் வராவிட்டால் விரைந்து சொல்லும்படி வழக்காடுபவர் மனுப் போடலாம், ஆறு மாதத்தில் வராவிட்டால் வேறு பெஞ்சுக்கு மாற்றித்தரும்படி தலைமை நீதிபதியைக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2001இல் சொல்லியிருக்கிறது. தீர்ப்பில் கையெழுத்தான பிறகு எழுத்துப்பிழையும் கணக்குப்பிழையும் தவிர வேறொன்றையும் திருத்த முடியாது, தீர்ப்பை அதே நீதிமன்றம் மறுபடி பார்க்கக் கோரும் சீராய்வு மனு என்ற குறுகிய வாசல் ஒன்றைத் தவிர.

'சட்டம் ஒன்றுதானே, பின்னே ஏன் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்' என்று கேட்டிருந்தாய். பதினெட்டு சட்டமன்ற உறுப்பினர்களின் தகுதிநீக்க வழக்கு உனக்கு நினைவிருக்கும். 2018 ஜூன் 14 அன்று தலைமை நீதிபதி இந்திரா பானர்ஜி தகுதிநீக்கம் செல்லும் என்றார். உடன் அமர்ந்த நீதிபதி எம்.சுந்தர் செல்லாது என்றார். நாடே அதை அரசியலாகப் பார்த்தது. தீர்ப்புகளைப் படித்தால் வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. சபாநாயகர் எடுத்த முடிவு ஒருவர் எடுக்கக்கூடிய முடிவுதானா என்று மட்டும் பார்த்து நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது முன்னவர் நிலை. அந்த முடிவு, பாதிக்கப்படுபவருக்கு முறையான வாய்ப்புத் தர வேண்டும் என்ற இயற்கை நீதிக்கு மாறாகவும் உள்நோக்கத்துடனும் எடுக்கப்பட்டதால் நீதிமன்றம் தலையிடலாம் என்பது பின்னவர் நிலை. மூன்றாவது நீதிபதியாக உச்ச நீதிமன்றம் நியமித்த எம்.சத்தியநாராயணன், தகுதிநீக்கம் செல்லும் என்று அக்டோபர் 25 அன்று தீர்ப்பளித்தார். 2023 ஜூலையில் அப்போது அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜியின் கைது தொடர்பான ஆட்கொணர்வு மனுவிலும் (சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருப்பவரை நீதிமன்றத்தில் கொண்டுவரக் கோரும் மனு) இதேதான் நடந்தது. நீதிபதி நிஷா பானு மனுவை ஏற்றார்; நீதிபதி பரத சக்கரவர்த்தி, நீதிமன்றக் காவலுக்கு உத்தரவிடப்பட்ட பிறகு ஆட்கொணர்வு மனுவே நிலைக்காது என்றார். பின்னவரின் கருத்தையே மூன்றாவது நீதிபதி சி.வி.கார்த்திகேயன் ஏற்றார். இரண்டு வழக்குகளிலும் நடந்த நிகழ்ச்சிகளைப் பற்றிய சர்ச்சையைவிட, நீதிமன்றம் எதுவரை போகலாம் என்ற சர்ச்சையே பெரிது. உனக்கு இது வழவழா என்று தோன்றலாம். எனக்கு இதுதான் அந்தக் கட்டடத்தின் அஸ்திவாரமாகத் தோன்றுகிறது.

பதில் சொல்லத் தனக்குத் தகுதி உண்டா என்று ஒரு நீதிபதி வெளிப்படையாகத் தன்னையே கேட்டுக்கொண்டதையும் பார்த்திருக்கிறோம். 2021இல் பெற்றோரின் எதிர்ப்புக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலின உறவைப் பற்றித் தனக்கே போதிய புரிதல் இல்லை என்று உத்தரவிலேயே எழுதி, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பின்னரே ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு பிறப்பித்தார். தெரியாததைத் தெரியாது என்று தீர்ப்பில் எழுதுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது, 'ஐயமற நிரூபிக்கப்பட்டுள்ளது' என்ற தொடரை ஆயிரக்கணக்கில் தட்டச்சு செய்த எனக்குத் தெரியும்.

உன் மைத்துனர், அதிகாரிக்கு உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் போட்ட ரிட் மனுவில் 'ஜெயித்துவிட்டதாக' எழுதியிருந்தாய். அவருக்கு வந்திருப்பது, அவருடைய மனுவைச் சட்டப்படி பரிசீலித்துப் பன்னிரண்டு வாரத்துக்குள் முடிவெடுக்க அதிகாரிக்கு இட்ட உத்தரவு. அதிகாரி பரிசீலித்து, மாட்டேன் என்றும் சொல்லலாம். அரசியலமைப்பின் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்கு மிகப்பெரிய அதிகாரம் இருந்தாலும், அதிகாரி முடிவெடுத்த முறையைத்தான் பெரும்பாலும் அது பார்க்கும். அதிகாரியின் நாற்காலியில் தானே உட்கார்ந்துகொள்ளாது. ஆகவே மைத்துனரை இப்போதே இனிப்பு வழங்க வேண்டாம் என்று சொல்.

தீர்ப்பு ஆங்கிலத்தில் இருப்பது பற்றிய உன் கோபத்தில் எனக்கு முழு உடன்பாடு. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தமிழையும் அனுமதிக்கக் கோரி நம் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியும் அது நடக்கவில்லை. நீ தமிழில் 'பாத்தியம்' என்று சொன்னதை மொழிபெயர்ப்பில் 'உடைமை' என்று ஆக்கிவிட்டார்கள் என்கிறாய். அந்தச் சொல் சொந்தத்தையும் குறிக்கும், வெறும் உரிமையையும் குறிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பிராதின் வேண்டுகோளில் 'சொந்தமானது' என்றே இருக்கிறது, சண்முகம். மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்ல இடமில்லை.

இனி என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். தொண்ணூறு நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யச் சிறப்பு அனுமதி கோரலாம். அனுமதிப்பது அவர்களுடைய விருப்பம், செலவோ உன் தலையில். அதற்கு முன், பாதையுரிமை மட்டும் கேட்டுப் புதிதாக வழக்குப் போட முடியுமா, அல்லது முதல் வழக்கிலேயே கேட்டிருக்க வேண்டியது என்று அதையும் தடுத்துவிடுவார்களா என்று உரிமையியல் வழக்குகளில் பழகிய வக்கீல் ஒருவரிடம் எழுத்தில் கருத்துக் கேள். எனக்குத் தெரிந்த ஒருவர் இங்கே இருக்கிறார். கட்டணத்தைப் பற்றி நான் பேசிக்கொள்கிறேன். பிராது, பிரதிவாதிகள் பதிலாகக் கொடுத்த எதிர்வழக்குரை, கமிஷனர் அறிக்கை, அந்த வரைபடம், நான்கு சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களை எடுத்துக்கொண்டு அடுத்த மாதம் வந்துவிடு. உன் அப்பா எழுதி வைத்த பழைய கணக்கு நோட்டில் வண்டி வாடகைக் குறிப்புகள் இருக்கும் என்று முன்பு ஒருமுறை சொன்னாய். அதையும் மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
வேலாயுதம்