ஆலைத் தெருவும் மரபுதான்

ஆசிரியருக்கு,

மதுரையின் பாரம்பரியக் கட்டடங்கள் பற்றிய தங்கள் கட்டுரையில் கோயில், மகால், மண்டபம் எல்லாம் இருந்தன, ஹார்விபட்டி இல்லை. பஞ்சாலைத் தொழிலாளர்களுக்கென்றே திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்பு அது. இங்கிலாந்தில் டைட்டஸ் சால்ட் தன் ஆலைத் தொழிலாளர்களுக்குக் கட்டிய சால்ட்டேர் கிராமம், 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. நம் ஆலைத் தெருக்களோ ஓசையின்றி மறைகின்றன. சிறுவயதில் என் மாமா குடியிருந்த வீட்டை அண்மையில் தேடிப் போனேன். வாசல் வேப்பமரத்தை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது.

குடும்பம் பெருகினால் மாடி எழுப்பத்தான் செய்வார்கள், அதைக் குறைசொல்வதற்கில்லை. எஞ்சியுள்ள பழைய வீடுகளையாவது மாநகராட்சி அளந்து, வரைபடமும் புகைப்படமுமாக ஆவணப்படுத்தலாம். கட்டடக்கலை மாணவர்களுக்கு ஒரு பருவ வேலைதான்.

ஒரு வாசகர்,
மதுரை.