பழைய கணினியைத் தேற்றுவதும் ரசீதில்லாத உதிரிபாகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியதிலிருந்து, ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் கணினி வாங்கிய வீடுகளில், அதைக் கழித்துவிட்டுப் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருக்கிறது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற பதிலைப் பல கடைகள் தயாராக வைத்திருக்கின்றன. அதற்கு முன்பே, கடந்த ஆண்டு கோடை விடுமுறையில், என் மகனின் விளையாட்டுக் கணினிக்காக ஒரு கடைக்குப் போனபோது எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. 75,000 ரூபாய் ஆகும் என்றார்கள். என்னிடம் இருந்ததோ 25,000 ரூபாய். அந்தத் தொகையைக் கொண்டு பழைய கணினியையே தேற்றிய விவரத்தையும், நடுவே நான் ஏமாற இருந்த விதத்தையும் என்னைப் போன்ற பெற்றோருக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

விளையாட்டுக் கணினி என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் நிரல் எழுதப் பழகியதும், பள்ளி ஆண்டு விழாவுக்குக் காணொளி தொகுத்துக் கொடுத்ததும் அதே கணினியில்தான். பாடம் முடித்த பிறகு அவன் ஒரு மணி நேரம் விளையாடுவதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

அந்தக் கணினி 2018-இல் ஊரிலேயே அசெம்பிள் செய்து வாங்கியது. நான்கு கோர்கள் (கணக்கிடும் அலகுகள்) கொண்ட ரைசன் 3 1200 பிராசசர், பாகங்களை இணைக்கும் பி350 வகை மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்4 ரேம் (தற்காலிக நினைவகம்), 1 டிபி ஹார்டு டிஸ்க், 4 ஜிபி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் கார்டு, பெயர் கேள்விப்படாத ஒரு எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் பெட்டி). புதிய விளையாட்டுகள் திக்கித் திணறின. சில நாட்களில் கணினி தானாகவே அணைந்து போனது. கிராபிக்ஸ் கார்டுதான் பழசாகிவிட்டது என்று நானே முடிவு செய்து, வேறொரு கடையில் 8,500 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கினேன். ரசீது கேட்டதற்கு, பழைய பொருளுக்கு ரசீது கிடையாது, டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான் என்றார்கள். அதாவது கடையில் போட்டுக் காட்டும்போது படம் தெரிந்தால் அதோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. பதினோராம் நாள் திரை முழுவதும் வண்ணப் புள்ளிகள் சிதறின. மறுநாள் கார்டு உயிரை விட்டது.

அந்தப் பன்னிரண்டு நாட்களில் இன்னொன்றையும் கவனித்தோம். கார்டு நன்றாக வேலை செய்த நாட்களில்கூட விளையாட்டின் திணறல் குறையவே இல்லை. அதன் காரணத்தைத் தேடியபோதுதான், காசு செலவழிப்பதற்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று இருப்பது தெரிந்தது. விளையாட்டைத் திறந்து, திரையின் தெளிவுத்திறனை 1080-லிருந்து 720-க்குக் குறைத்துப் பார்க்க வேண்டும். விநாடிக்கு வரும் பிரேம்களின் (படச்சட்டங்களின்) எண்ணிக்கை நன்றாக ஏறினால் கிராபிக்ஸ் கார்டுதான் தடை. ஏறாமல் அப்படியே நின்றால் கார்டுக்கு வேலை போதவில்லை, பிராசசரோ ரேமோதான் இழுத்துப் பிடிக்கிறது என்று பொருள். எங்கள் கணினியில் எண்ணிக்கை அசையவில்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் நான்கு கோர்களும் 100 விழுக்காட்டில் நின்றன, கார்டு பாதி வேலைகூடச் செய்யவில்லை. எந்தக் கார்டை வாங்கிப் போட்டிருந்தாலும் அந்தப் பணம் வீணாகவே போயிருக்கும்.

இந்தச் சோதனைக்குச் செலவில்லை. அதிகச் செலவில்லாத இன்னொரு வேலை, பெட்டியைத் திறந்து சுத்தம் செய்வது. நான் வேலை செய்வது திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில். வீடும் ஆலைக்கு அருகில்தான். பிராசசரின் மேலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையே பஞ்சுத் தூசி மெத்தைபோல் படிந்திருந்தது. அதை ஊதி எடுத்து (ஊதும்போது மின்விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்றவிடக் கூடாது), பிராசசரின் வெப்பத்தை ஹீட்சிங்குக்குக் கடத்தும், காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியதும், 90 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த வெப்பம் 72-க்கு இறங்கியது. பேஸ்டின் விலை 200 ரூபாய்.

கணினி தானாக அணைந்ததற்குக் காரணம் எஸ்எம்பிஎஸ். அதன் மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டிலோ 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர் என்றிருந்தது. இரண்டையும் பெருக்கினால் 216 வாட்தான் வருகிறது. பிராசசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் போவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் மின்சாரம்தான் என்பதால், வாங்குவோர் பார்க்க வேண்டியது மேலே உள்ள எண்ணை அல்ல, இந்தப் பெருக்கல் தொகையை. கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் ஊர்களில் மட்டமான எஸ்எம்பிஎஸ் தான் மட்டும் போவதில்லை, மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். கையிருப்பு குறைவாக உள்ளவர்கள் இதில் மிச்சம் பிடிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இனி 8,500 ரூபாய்க்கு வருகிறேன். அது போனதுதான் என்று விட்டுவிட்ட நேரத்தில், ஆலையில் உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். விற்ற பொருளுக்கு ரசீது கொடுக்காமல் இருப்பதையே அதன் 2(47)-ஆம் பிரிவு நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ரசீதில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே பிரிவின்படி அப்படியே. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். நான் கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தியிருந்ததால் தேதியும் தொகையும் பதிவாகி இருந்தன. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், குரல் உயர்த்தாமல், சட்டம் சொல்வதை மட்டும் சொன்னேன். கடைக்காரர் பணமாகத் தரவில்லை. ஆனால் மின்சிக்கனத்துக்கான வெண்கலத் தரச் சான்று பெற்ற ஒரு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸும், ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான 500 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பகமும் அதே மதிப்புக்குக் கொடுத்தார், இந்த முறை ரசீதுடன்.

அவரை நான் மோசமானவர் என்று சொல்ல மாட்டேன். எத்தீரியம் என்ற மின்னணு நாணயத்தின் வலையமைப்பு, கிராபிக்ஸ் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு 2022 செப்டம்பரில் மாறியதும், அந்த நாணயத்தை ஈட்டுவதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன. பார்வைக்குப் புதிது போலிருக்கும். உள்ளே நினைவகச் சில்லுகள் ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்திருக்கும். மொத்தமாக வாங்கி விற்கும் சிறு கடைக்காரருக்கே எது எப்படிப்பட்டது என்று தெரியாமல் இருக்கலாம். போதாக்குறைக்கு, மிகப் பழைய கார்டின் மென்பொருளை மாற்றி, 1050 டிஐ என்று காட்டும்படி செய்து விற்பதும் நடந்திருக்கிறது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இத்தகைய போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று காட்டிவிடும். டெஸ்டிங் வாரண்டி என்று சொல்லி இரண்டு நிமிடம் படம் காட்டுவதால் இவற்றில் எதுவும் வெளிப்படாது. குறைந்தது 20 நிமிடம் கார்டை முழு வேலையில் ஓடவிட்டு, வெப்பத்தையும் மின்விசிறியின் ஓசையையும் பார்த்தால்தான் ஓரளவுக்காவது தெரியும்.

மற்ற வேலைகள் சுருக்கமானவை, ஒன்றைத் தவிர. அது பிராசசர். 2017-இல் ரைசனுக்காக வந்த ஏஎம்4 வகை (பிராசசர் பொருத்தும் இடத்தின் வகை) மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸை (கணினியைத் தொடக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தால், 2022-இல் வெளிவந்த ரைசன் 5 5500 போன்ற ஆறு கோர் பிராசசரைப் பொருத்த முடியும். இதைக் கடையில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. மதர்போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் எங்கள் போர்டின் பெயரைத் தேடி, ஆதரவுப் பட்டியலில் என் மகன்தான் கண்டுபிடித்தான். பழைய பிராசசரைக் கழற்றுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் புதியதைப் பொருத்திய பிறகு திரையில் எதுவும் வராது. புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் நின்றால் போர்டே வீணாகிவிடக் கூடும் என்பதால் யுபிஎஸ் இருக்கும் நண்பர் வீட்டில் அதைச் செய்தோம். இன்டெல் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு குறைவு. ஆறாம், ஏழாம் தலைமுறை போர்டுகளில் எட்டாம் தலைமுறை பிராசசர் வேலை செய்யாது. விண்டோஸ் 11-ஐப் பொறுத்தவரை, முதல் தலைமுறை ரைசன்கள் மைக்ரோசாப்ட் ஏற்கும் பட்டியலில் இல்லை, 5500 இருக்கிறது. 7,800 ரூபாய்க்கு 5500 பிராசசரை வாங்கிப் பொருத்தியதில் விளையாட்டின் திணறலும் தீர்ந்தது, அடுத்து வந்த விண்டோஸ் சிக்கலும் தீர்ந்தது.

இன்னொரு 8 ஜிபி ரேம் 1,700 ரூபாய். இரண்டு ஸ்டிக்குகளைப் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடங்களில் பொருத்தி, பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் அவை அட்டையில் எழுதியிருக்கும் வேகத்தில் ஓடும். எங்கள் பழைய ஸ்டிக் ஏழு ஆண்டுகளாகக் குறைந்த வேகத்திலேயே ஓடியிருக்கிறது. அன்று வாங்கியது நல்லதாயிற்று. செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக உயர்ந்துவிட்டது. மைக்ரான் நிறுவனம் 'குரூஷியல்' என்ற பெயரில் நுகர்வோருக்கு ரேம் விற்பதையே நிறுத்தப்போவதாக டிசம்பரில் அறிவித்துவிட்டது. புதிய கணினி என்றால் பெரும்பாலும் டிடிஆர்5 ரேமும் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். கையில் டிடிஆர்4 ரேம் வைத்திருப்பவர்கள் அதை எளிதில் கைவிட வேண்டாம்.

18,200 ரூபாயோடு நிறுத்திக்கொண்டு, தீபாவளி போனஸ் வரும்வரை பழைய 1050 டிஐ கார்டிலேயே மகன் பொறுத்துக்கொண்டான். பிறகு அதை 4,000 ரூபாய்க்கு விற்று, மீதமிருந்த 6,800 ரூபாயோடு போனஸிலிருந்து 2,000 ரூபாய் சேர்த்து, 8 ஜிபி நினைவகமுள்ள ஆர்எக்ஸ் 6600 கார்டு ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கினோம். 132 வாட் மட்டுமே எடுக்கும் கார்டு அது. எங்கள் போர்டு பழைய தலைமுறை என்பதால் வேகம் சற்றுக் குறையும் என்றாலும், பெரும்பாலான விளையாட்டுகளில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. இம்முறை 20 நிமிடம் கடையிலேயே ஓட்டிப் பார்த்தோம். ரசீதில் கார்டின் வரிசை எண்ணையும் 30 நாள் உத்தரவாதத்தையும் எழுதித் தரச் சொன்னேன். கடைக்காரர் சிறிது தயங்கிவிட்டு எழுதிக் கொடுத்தார்.

உதிரிபாகம் விற்கும் வணிகர்களின் சங்கங்களுக்கும் மாவட்ட நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக என் கோரிக்கை இதுதான்: செகண்ட் ஹேண்ட் கணினிப் பாகம் எதுவானாலும் வரிசை எண்ணுடன் ரசீது கொடுப்பதும், 30 நாள் பொறுப்பை அதில் எழுதித் தருவதும், வாங்குபவர் 20 நிமிடம் சோதித்துப் பார்க்கக் கடையில் ஒரு மேசை ஒதுக்குவதும் வழக்கமாக வேண்டும். டெஸ்டிங் வாரண்டி என்று எழுதி மாட்டியிருக்கும் பலகைகளை அகற்றச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நூற்பாலைத் தொழிலாளி ஒருவர்,
திண்டுக்கல்.